ஒரு நாள் பேர்: மலையகத்தின் ஆயிரம் ரூபாப் போராட்டம்

2018 ஒக்டோபர் 24, புதன்கிழமை. கொழும்பு காலிமுகத்திடலில் கறுப்பு உடுப்புப் போட்ட பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் கூடி நின்றார்கள். பெரும்பாலும் மலையகத்தின், அதாவது இலங்கையின் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள். புடைவைக் கடையிலும் ஹோட்டலிலும் வேலை செய்கிறவர்கள், ஆசிரியர்கள், பல்கலைக்கழகம் போனவர்கள். தொழிற்சங்கத் தலைவர் யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை. பேஸ்புக்கில் ஒருவருக்கொருவர் சொல்லி வந்தார்கள். கேட்டதும் தங்களுக்காக இல்லை. மலையில் கொழுந்து எடுக்கும் அம்மாவுக்கும் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் அப்பாவுக்கும் ஒரு நாள் சம்பளம் ஆயிரம் ரூபா வேண்டும் என்று கேட்டார்கள்.

இரண்டு நாள் கழித்து, 26ஆம் திகதி, ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பிரதமரை மாற்றினார். நாடு முழுக்க வேறு பேச்சாகிவிட்டது. தோட்டச் சம்பளம் பத்திரிகையின் உள்பக்கத்துக்குப் போனது. எங்கள் விசயம் எப்போதும் இப்படித்தான், ஊர் கவனிக்கத் தொடங்கும் நேரத்தில் பெரிய சத்தம் ஒன்று வேறு பக்கம் கேட்கும்.

இந்த ஆய்வில் நான் எடுத்துக்கொள்வது 2015 முதல் 2021 வரை நடந்த அந்த ஆயிரம் ரூபாப் போராட்டத்தை. அதற்குப் பின் 2022இல் நாடு வங்குரோத்தானபோது அந்த ஆயிரம் என்ன ஆனது என்பதையும் சேர்த்துப் பார்க்கிறேன். நான் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில், பிறந்தவன். அம்மா முப்பது வருசத்துக்கு மேல் கூடை தூக்கியவர். அதனால் தள்ளி நின்று எழுதுகிறேன் என்று சொல்ல மாட்டேன். கணக்கை மட்டும் நேர்மையாகப் போடப் பார்க்கிறேன்.

பேர் என்றால் என்ன

தோட்டத்தில் ஒரு நாள் சம்பளத்துக்குப் "பேர்" என்று பெயர். "இந்த மாசம் எத்தனை பேர்?" என்று கேட்டால் எத்தனை நாள் சம்பளம் விழுந்தது என்று அர்த்தம். வெளியூர் ஆள் கேட்டால் குடும்பத்தில் எத்தனை ஆட்கள் என்று நினைப்பார். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போய், கங்காணி காட்டிய மலையில் நிரை பிடித்து, மாலை வரை நின்றால் செக்ரோலில், அதாவது தோட்டத்து வருகைப் பதிவேட்டில், பேர் விழும். ஆனால் வந்து நின்றால் மட்டும் போதாது. தோட்டம் சொல்லும் அளவு கொழுந்து எடுக்க வேண்டும். அதை "நோர்ம்" என்பார்கள். தோட்டத்துக்குத் தோட்டம், பருவத்துக்குப் பருவம் அது மாறும். 16 கிலோ, 18 கிலோ, சில இடங்களில் 20 கிலோவும் அதற்கு மேலும். அந்த அளவு வராவிட்டால் அரைப் பேர். நாள் முழுக்க மழையில் நின்றவளுக்குப் பாதிச் சம்பளம்.

கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் ஒரு மாலை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். பெண்கள் வரிசையில் நிற்பார்கள். இடுப்பில் படங்கு, முதுகில் கூடையோ சாக்கோ. தராசு முள் நிற்பதற்குள் கணக்கப்பிள்ளை எண்ணைச் சொல்லிவிடுவார். சாக்குக்கு ஒரு கழிவு, இலையில் தண்ணீர் இருக்கிறது என்று ஒரு கழிவு, முற்றல் கிடக்கிறது என்று இன்னொன்று. காலை, மதியம், மாலை என மூன்று தடவை நிறுத்தால் மூன்று தடவையும் கழிவு உண்டு. பதினெட்டு எடுத்தவளுக்குப் பதினைந்து என்று எழுதினால் அவளுக்கு நட்டம் மூன்று கிலோ இல்லை, பாதி நாள். அம்மா வீட்டுக்கு வந்ததும் முதலில் அதைத்தான் சொல்வார். "இன்னைக்கு அரப்பேருடா" என்று சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் போய்விடுவார். அன்றைக்கு அவரிடம் யாரும் காசு கேட்க மாட்டோம்.

இதை இங்கே விரித்துச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. ஆறு வருசமாக நாடு முழுக்கப் பேசப்பட்டது ஒரு தொகை: ஆயிரம். ஆனால் அந்தத் தொகை எத்தனை கிலோவுக்கு, மாசத்தில் எத்தனை நாளுக்கு என்பதைத் தீர்மானிக்கும் கை வேறொருவருடையது. என் பார்வையில் இந்தப் போராட்டத்தின் வெற்றியும் தோல்வியும் அங்கேதான் இருக்கிறது.

வாக்கு போனதும் சங்கம் வந்ததும்

பழங்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1820களில் கோப்பித் தோட்டங்களுக்காகத் தென்னிந்தியாவிலிருந்து ஆட்களைக் கொண்டுவரத் தொடங்கினார்கள். 1869க்குப் பிறகு கோப்பி இலைநோயில் அழிந்தது. தேயிலை வந்தது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். சுதந்திரம் கிடைத்த அதே 1948இல் வந்த பிரஜாவுரிமைச் சட்டம் இந்த மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த வருசம் வாக்குரிமையும் போனது. 1952 தேர்தலில் தங்கள் ஆட்களைத் தேர்ந்தெடுக்க அவர்களிடம் வாக்கு இல்லை.

1964இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். 9,75,000 பேரை இரண்டு அரசுகளும் பங்கு பிரித்தன: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று. அந்த மிச்சத்தை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். தலைமன்னாரில் கப்பல் ஏறியவர்களின் அழுகையை எங்கள் தோட்டத்து வயசாளிகள் இன்னும் சொல்வார்கள். நீலகிரியிலும் கூடலூரிலும் கோத்தகிரியிலும் அவர்களின் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். இங்கே மீந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை 1986, 1988, 2003 ஆம் ஆண்டுச் சட்டங்கள் வழியாகத்தான் துண்டு துண்டாக முழுமையானது.

அந்த நீண்ட இடைவெளியில் ஒரு தொழிலாளியிடம் இருந்த ஒரே அடையாளம் தொழிற்சங்க அங்கத்துவம். வாக்குச்சீட்டு செய்ய வேண்டிய வேலையைச் சங்கச் சந்தா செய்தது. பிறப்புச் சான்றிதழ் எடுப்பதென்றாலும், பொலிசுக்குப் போவதென்றாலும், தோட்டத்தை நடத்தும் துரையோடு பிரச்சினை என்றாலும் சங்கத் தலைவரிடம்தான் போக வேண்டும். அதன் பலத்தைக் குறைத்துச் சொல்ல முடியாது. 1984 ஏப்ரலில் நடந்த பெரிய வேலைநிறுத்தத்தால்தான் பெண்ணுக்கும் ஆணுக்கும் சம நாட்சம்பளம் வந்தது. 1986 ஜனவரியில் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் நடத்திய பிரார்த்தனை இயக்கம் அந்த வருசத்துப் பிரஜாவுரிமைச் சட்டத்துக்கு வழி திறந்தது. ஆனால் அதே ஏற்பாட்டுக்குள் ஒரு முடிச்சும் விழுந்தது. சங்கத் தலைவர் எம்.பி. ஆனார், எம்.பி. அமைச்சர் ஆனார். சம்பளம் கேட்கும் கையும் அரசாங்கத்தில் இருக்கும் கையும் ஒன்றாகின.

இன்னொரு முடிச்சு நிலத்தில். 1970களில் நாட்டுடைமையான தோட்டங்கள் 1992இல் 22 பிராந்தியக் கம்பனிகளாகப் பிரிக்கப்பட்டு நிர்வாகம் தனியாருக்குப் போனது. நிலம் அரசாங்கத்துடையது. கம்பனிக்கு 53 வருசக் குத்தகை. லயமும் அதே நிலத்தில்தான் நிற்கிறது. அதாவது நாலு தலைமுறையாக லயத்தின் ஒரே காம்பராவில், ஒரே அறையில், இருக்கும் குடும்பத்துக்கு அந்தக் காம்பராவில் எந்த உரித்தும் கிடையாது.

தனியார்மயத்துக்குப் பிறகு சம்பளத்தைத் தீர்மானித்தது கூட்டு ஒப்பந்தம். முதலாளிமார் சம்மேளனம் ஒரு பக்கம். மறுபக்கம் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ், இலங்கைத் தேசிய தோட்டத் தொழிலாளர் சங்கம், பெருந்தோட்டத் தொழிற்சங்கக் கூட்டுக் கமிட்டி. இரண்டு வருசத்துக்கு ஒரு தடவை பேசுவார்கள், கையெழுத்துப் போடுவார்கள். கையெழுத்துப் போடாத சங்கங்கள் வெளியே நின்று ஏசும். தொழிலாளிக்கு ஒப்பந்தத்தின் பிரதி பெரும்பாலும் கண்ணில் படாது.

முதல் சுற்று: 2015–2016

2013 ஒப்பந்தத்தில் ஒரு நாள் பேருக்கு 620 ரூபா. அதிலும் அடிப்படைச் சம்பளம் 450தான். தோட்டம் கொடுத்த வேலை நாளில் 75 வீதத்துக்கு வந்தால் வருகைக் கொடுப்பனவு 140, அப்புறம் தேயிலை விலையையொட்டிய விலைப்பங்கு 30. ஒரு மாசம் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஏழெட்டு நாள் வீட்டில் நின்றுவிட்டால் அந்த 140 முழு மாசத்துக்கும் போய்விடும். ஓய்வுக்காலத்துக்கான சேமலாப நிதி கணக்கிடுவதும் அடிப்படைச் சம்பளத்தில்தான்.

அந்த ஒப்பந்தம் 2015 மார்ச் கடைசியில் முடிந்தது. இந்தத் தடவை ஆயிரம் ரூபா வாங்கித் தருவோம் என்று இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் சொன்னது. அது தேர்தல் வருசம் என்பதையும் மறக்க வேண்டாம். கம்பனிகள் முடியாது என்றன. தேயிலை விலை விழுந்திருக்கிறது, உற்பத்திச் செலவில் பெரும்பங்கு கூலிக்கே போகிறது, உலகத்தில் எங்கள் தேயிலைக்குத்தான் உற்பத்திச் செலவு அதிகம் என்றன. அதில் பொய் என்று தள்ள முடியாத பகுதி உண்டு. ரஷ்யாவும் மத்திய கிழக்கும் இலங்கைத் தேயிலையின் பெரிய சந்தைகள். 2014க்குப் பிறகு எண்ணெய் விலை விழுந்து அந்த நாடுகளின் கை சுருங்கியபோது கொழும்பு ஏலத்திலும் விலை இறங்கியது உண்மை. ஆனால் விலை ஏறிய வருசங்களில் பேருக்கு எவ்வளவு ஏற்றினார்கள் என்று கேட்டால் அந்தக் கணக்கு மேசைக்கு வராது.

பதினெட்டு மாசம் பழைய சம்பளத்திலேயே வேலை நடந்தது. 2016 செப்டெம்பர் கடைசியில் மலை பொறுமை இழந்தது. ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவை, பண்டாரவளை என்று ஊர் ஊராக ரோட்டை மறித்தார்கள். ஒக்டோபர் 18ஆம் திகதி கையெழுத்தானது: 730 ரூபா. அடிப்படை 500, வருகை 60, உற்பத்தி ஊக்குவிப்பு 140, விலைப்பங்கு 30. பதினெட்டு மாச நிலுவை? அது இல்லாமலே முடிந்தது. முந்தைய ஒப்பந்தங்களில் நிலுவைக் காசை நம்பித்தான் பல வீடுகளில் தீபாவளிக் கடன் வாங்குவார்கள். அந்த வருசம் தீபாவளி ஒக்டோபர் கடைசியில் வந்தது. கடன் மட்டும் மிஞ்சியது.

இரண்டாம் சுற்று: இருபது ரூபா

2018 ஒக்டோபர் நடுவில் அந்த ஒப்பந்தமும் முடிந்தது. காலிமுகத்திடல் கூட்டம் அப்போதுதான். டிசம்பரில் காங்கிரஸ் வேலைநிறுத்தம் அறிவித்தது, ஒரு வாரத்துக்கு மேல் மலைகளில் கொழுந்து முற்றிக் கிடந்தது. பிறகு பேசித் தீர்ப்போம் என்று வேலைக்குத் திரும்பச் சொன்னார்கள். 2019 ஜனவரி 28இல் கையெழுத்து. அடிப்படைச் சம்பளம் 700, விலைப்பங்கு 50. மொத்தம் 750.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று கணக்குப் போட வேண்டும். கம்பனிகள் அடிப்படைச் சம்பளம் 40 வீதம் ஏறியது என்று சொன்னார்கள். 500 எங்கே 700 எங்கே, சரிதான். ஆனால் வருகைக் கொடுப்பனவு 60ஐயும் உற்பத்திக் கொடுப்பனவு 140ஐயும் எடுத்துவிட்டார்கள். 60ம் 140ம் சேர்ந்தால் 200. ஒரு பையிலிருந்து எடுத்து மறு பையில் போட்டதுபோல. எல்லாக் கொடுப்பனவும் வாங்கிக்கொண்டிருந்த ஒரு தொழிலாளிக்கு 730 இப்போது 750 ஆனது. ஏறியது இருபது ரூபா. நியாயமாகச் சொன்னால், நோர்ம் எட்ட முடியாத வயதான பெண்ணுக்கும் அடிக்கடி விடுப்பு எடுக்க வேண்டியவளுக்கும் இந்த மாற்றம் உதவிதான். சேமலாப நிதிக் கணக்கும் கூடியது. அதை மறைக்கக் கூடாது. ஆனால் ஆயிரம் கேட்டு ரோட்டில் நின்றவளிடம் போய் இருபது ரூபா என்று சொல்லிப் பாருங்கள். அந்த மாசம் தோட்டங்களில் சந்தாவை நிறுத்தச் சொல்லிப் பல பேர் எழுதிக் கொடுத்தார்கள். தோட்டத்தில் எங்கள் பிரிவான டிவிசனில் கோயில் முன்னால் ஒரு பெரியவர், வாழ்க்கை முழுக்க ஒரே சங்கத்தில் இருந்தவர், தலைவரின் படம் போட்ட கலண்டரைக் கழற்றிச் சுருட்டி வைத்துவிட்டுப் பேசாமல் போனதை நான் பார்த்தேன். கிழிக்கவில்லை. கிழிக்க அவருக்கு மனசு வரவில்லை.

மூன்றாம் சுற்று: சட்டத்தால் வந்த ஆயிரம்

2019 நவம்பர் ஜனாதிபதித் தேர்தலில் கோட்டாபய ராஜபக்ச ஆயிரம் தருவதாகச் சொன்னார். 2020 ஜனவரியில், மார்ச் முதல் கிடைக்கும் என்று அறிவித்தார். மார்ச்சில் கொரோனா வந்தது. நாடு முழுக்க ஊரடங்கு, தோட்டத்தில் மட்டும் வேலை ஓடியது, ஏற்றுமதி நிற்கக் கூடாது என்று. ஆயிரம் வரவில்லை. மே 26இல் காங்கிரஸ் தலைவர் ஆறுமுகன் தொண்டமான் காலமானார். 2021 பெப்ரவரி 5இல் மலையகம் முழுக்க ஒரு நாள் வேலைநிறுத்தம்.

இதற்குள் ஒரு பெரிய மாற்றம் நடந்தது. பேச்சு கூட்டு ஒப்பந்த மேசையிலிருந்து சம்பள நிர்ணய சபைக்கு மாறியது. அந்தச் சபையில் அரசு, முதலாளி, தொழிலாளி மூன்று தரப்பும் உண்டு. அரசும் தொழிலாளியும் ஒரு பக்கம் கை உயர்த்தினால் முதலாளி தோற்பார். அப்படியே நடந்தது. 2021 மார்ச்சில் வர்த்தமானி, அதாவது அரசிதழ் அறிவிப்பு, வந்தது: அடிப்படை 900, வரவு செலவுத் திட்ட நிவாரணப்படி 100. கம்பனிகள் மேன்முறையீட்டு நீதிமன்றம் போயின. இடைக்காலத் தடை கிடைக்கவில்லை. ஆயிரம் சட்டமானது.

அன்றைக்குத் தோட்டங்களில் பட்டாசு கொளுத்தினார்கள். நானும் சந்தோசப்பட்டேன். ஆறு வருசம் சின்ன காலமா?

அடுத்த மாசச் சம்பளத் துண்டு வந்தபோதுதான் விசயம் தெரிந்தது. கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகிவிட்டன. கூட்டு ஒப்பந்தம் சம்பளத்தை மட்டும் சொல்லவில்லை. வருசத்துக்கு 300 நாள் வேலை கொடுக்க வேண்டும் என்பதும், வேலை முறை மாற்றும்போது சங்கத்தோடு பேச வேண்டும் என்பதும் அதில்தான் இருந்தன. சம்பள நிர்ணய சபை வர்த்தமானியில் அதெல்லாம் கிடையாது, நாளுக்கு இவ்வளவு என்று மட்டும் இருக்கும். எனவே நோர்ம் ஏறியது. 16 கேட்ட இடத்தில் 18, 18 கேட்ட இடத்தில் 20, அதற்கு மேலும். எட்டாவிட்டால் அரைப் பேர், இல்லையென்றால் எடுத்த கிலோவுக்கு மட்டும் காசு, இதற்குக் "கைக்காசு" என்று பழைய பெயர் உண்டு. வேலை நாளும் குறைந்தது. மாசம் 24, 25 பேர் விழுந்த இடத்தில் 13, 14 என்று பல தோட்டங்களில் புலம்பினார்கள். 750இல் 24 பேர் என்றால் 18,000. ஆயிரத்தில் 14 பேர் என்றால் 14,000. தொகை ஏறிச் சம்பளம் இறங்கியது.

கம்பனிகளின் பக்கத்தையும் கேட்டுவிடுவோம். நாட்டின் தேயிலையில் 70 வீதத்துக்கும் மேல் சிறுதோட்ட உடைமையாளர்கள் தருகிறார்கள். பெரும்பாலும் தெற்கில், தங்கள் சொந்தக் காணியில். அவர்களுக்கு நாட்சம்பளச் சுமை இப்படிக் கிடையாது. அதனால் கம்பனிகளும் "வெளியார் உற்பத்தி முறை" என்று ஒன்றைச் சொல்கின்றன: தேயிலைச் செடிகளைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுப்போம், அவர்களே பராமரித்துக் கொழுந்து தரட்டும், கிலோவுக்குக் காசு. கேட்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சிறுதோட்டக்காரரிடம் காணி உறுதி இருக்கிறது. அதை வைத்து வங்கியில் கடன் எடுக்கலாம், பிள்ளைக்கு எழுதி வைக்கலாம். தோட்டத்தில் பிரித்துக் கொடுக்கும் துண்டுக்கு உறுதி இல்லை. உரமும் உழைப்பும் நட்டமும் குடும்பத்துக்கு, காணி கம்பனிக்கு. அந்த ஒரு இடத்தில் அந்த யோசனை எனக்கு ஒப்புக்கொள்ள முடியாததாக இருக்கிறது. காணியையும் எழுதித் தருவதாக இருந்தால் நானே முதல் ஆளாக ஆதரிப்பேன்.

2021–2022: உரம், மா, டொலர்

சட்டமான ஆயிரத்துக்கு இரண்டு மாசம்கூட நிம்மதி இல்லை. 2021 மே மாசம் அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தது. ஒரே இரவில் நாடு சேதன விவசாயத்துக்கு, அதாவது இயற்கை விவசாயத்துக்கு, மாறும் என்றார்கள். தேயிலைச் செடி உடனே வாடாது. அடிவேரில் இருக்கும் சத்தை வைத்துச் சில மாசம் தாக்குப் பிடிக்கும். பிறகு தளிர் சிறுத்துவிடும், கொழுந்து வரும் சுற்று நீளும். தடையை அந்த வருசக் கடைசியில் எடுத்தார்கள். ஆனால் அப்போது டொலர் இல்லை, உர விலை பல மடங்கு. 2021இல் ஏறக்குறைய 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி 2022இல் சுமார் 25 கோடியாக விழுந்தது.

இதைத் தோட்டத்துப் பெண் பக்கம் நின்று பாருங்கள். செடியில் கொழுந்து இல்லை. நோர்ம் மட்டும் அப்படியே இருக்கிறது. உரம் போடாதது அவள் குற்றமில்லை, ஆனால் அரைப் பேர் அவளுக்குத்தான். கொழும்பில் எடுத்த ஒரு கொள்கை முடிவு மஸ்கெலியாவில் ஒரு பெண்ணின் செக்ரோலில் பாதிக் கோடாக வந்து விழுந்தது.

அப்புறம் விலை. தோட்டத்தில் காலைச் சாப்பாடும் பல வீடுகளில் இரவுச் சாப்பாடும் ரொட்டி. கோதுமை மாதான் எங்கள் அரிசி. கிலோ நூறு ரூபா அளவில் வாங்கிய மா 2022இல் முந்நூறைத் தாண்டியது. ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. ஆயிரம் ரூபாயை முதலில் கேட்ட 2015 தொடக்கத்தில் அதன் மதிப்பு ஏழரை டொலர். சட்டமான 2021 மார்ச்சில் ஐந்து. 2022 நடுவில் மூன்றுக்கும் கீழே.

நெருக்கடிக்கு முன்பே, 2019 அரசாங்கக் கணக்கெடுப்பில், நாட்டின் வறுமை 14.3 வீதமாக இருந்தபோது தோட்டப்பகுதியில் 33.8 வீதம். அதாவது மற்றவர்கள் நெருக்கடியில் விழுந்த பள்ளத்தில் நாங்கள் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தோம். 2022இல் காலிமுகத்திடலில் கோட்டாபயவுக்கு எதிராகக் கூடாரம் அடித்தபோது தோட்டத்துப் பிள்ளைகளும் போனார்கள். நான்கு வருசத்துக்கு முன் கறுப்புச் சட்டையோடு நின்ற அதே மண். அப்போது யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இப்போது நாடே அங்கே நின்றது.

முகவரி

சம்பளத்தைப் பற்றி எழுதிக்கொண்டு ஏன் நிலத்துக்கே திரும்பத் திரும்பப் போகிறேன் என்று சிலர் கேட்கலாம். ஒரு கடிதத்தைப் பற்றிச் சொல்கிறேன். என் சித்தப்பா மகளுக்கு ஓர் அரசாங்க வேலைக்கு நேர்முகத் தேர்வு வந்தது. லயத்துக்குத் தனி முகவரி கிடையாது. தோட்டத்தின் பேர், டிவிசன், அவ்வளவுதான். கடிதம் தோட்டக் காரியாலயத்துக்கு வரும். யாராவது வந்து எடுத்துப் போக வேண்டும் அல்லது பெரட்டில் கொடுப்பார்கள். அது ஒரு மேசையில் கிடந்தது. கைக்கு வந்தபோது தேர்வு முடிந்து ஒன்பது நாள். யார் மேலும் கோபப்பட முடியவில்லை, கொடுக்க மறந்த எழுதுவினைஞர் கெட்ட மனிதரும் இல்லை. தங்கச்சி இப்போது கொழும்பில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள்.

இதுதான் நிலமில்லாத உரிமை. வாக்கு இருக்கிறது, வாக்காளர் அட்டைக்கு வீட்டு இலக்கம் இல்லை. வேலையை விட்டால் காம்பராவுக்கு என்ன ஆகும் என்ற பயம் ஒவ்வொரு வேலைநிறுத்தத்திலும் உள்ளே இருக்கும். வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் பேர் போட வேண்டும், இல்லையென்றால் காம்பராவில் இருக்க என்ன உரிமை என்று கேட்பார்கள். 2023 ஓகஸ்டில் மாத்தளைத் தோட்டம் ஒன்றில் ஒரு குடும்பம் போட்டிருந்த தற்காலிகக் குடிசையை நிர்வாகத்தைச் சேர்ந்தவர்கள் உடைத்த காணொளியை நாடே பார்த்தது. அதே மாசத்தில்தான், வந்து 200 வருசம் ஆனதை நினைத்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மலையக மக்கள் நடந்து வந்து சேர்ந்தார்கள். முன்னோர்கள் காட்டு வழியில் நடந்து செத்த அதே பாதை.

உள்ளூராட்சி மன்றமான பிரதேச சபையின் சட்டத்தையும் இங்கே சொல்ல வேண்டும். தோட்டத்துக்குள் பிரதேச சபை காசு செலவழிக்க முடியாதபடி அதில் ஒரு பிரிவு இருந்தது. தோட்டத்து மக்கள் வாக்குப் போட்டு உறுப்பினரை அனுப்புவார்கள். அவர் அவர்களின் லயத்து ரோட்டுக்கு ஒரு வண்டி கல் கொட்ட முடியாது. 2018இல்தான் அதைத் திருத்தினார்கள். வீட்டுத் திட்டங்கள் வந்தன, இந்திய உதவியில் முதலில் 4,000 வீடு, 2017இல் நோர்வூட் வந்த நரேந்திர மோடி இன்னும் 10,000 என்று அறிவித்தார். ஏழு பேர்ச் காணியில் தனி வீடு. கட்டிய வீட்டுக்குப் போனவர்களின் முகத்தைப் பார்த்திருக்கிறேன், அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் வீடு எழும்பும் வேகத்தில் உறுதி கைக்கு வருவதில்லை.

ஆயிரத்துக்குப் பிறகு

கதை அப்படியே மறுபடி ஓடியது. 2024 மே தினத்தன்று கொட்டகலையில் ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க 1,700 ரூபா என்று அறிவித்தார். கம்பனிகள் நீதிமன்றம் போயின. ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. செப்டெம்பர் ஜனாதிபதித் தேர்தலுக்குக் கொஞ்ச நாள் முன்பு 1,350 என்று வர்த்தமானி வந்தது. மிச்சம் 350 கூடுதல் கொழுந்து எடுத்தால். மறுபடியும் கிலோ. 2025 நவம்பரில் வரவு செலவுத் திட்டத்தில் ஜனாதிபதி அனுர குமார திசாநாயக்க, அடிப்படை 1,550, வேலைக்கு வரும் நாளுக்கு அரசாங்கமே 200, மொத்தம் 1,750 என்றார். அரசாங்கம் தன் காசில் நாட்சம்பளத்தில் ஒரு பங்கு கொடுப்பது புதிய விசயம். அது நல்லதா, கம்பனியின் பொறுப்பைப் பொதுமக்கள் வரிப்பணம் சுமக்கிறதா என்ற விவாதம் நியாயமானது. நான் இப்போதைக்கு அந்த 200ஐ வரவேற்கிறேன். காரணம், அதைக் கிலோவோடு கட்டாமல் வருகையோடு கட்டியிருக்கிறார்கள்.

அந்த அறிவிப்பு வந்த அதே மாசக் கடைசியில் டித்வா புயல் மலையை உடைத்தது. நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளை மாவட்டங்களில் மண் சரிந்து வீடுகளை மூடியது. லயத்து ஆட்கள் பள்ளிக்கூடத்திலும் கோயிலிலும் பாய் போட்டுப் படுத்தார்கள். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் அப்படியே புதைந்தபோது எழுந்த கேள்வி மறுபடி எழுந்தது: ஆபத்தான இடத்தை விட்டு எழும்பு என்றால் எங்கே போய்க் கட்டுவது, அந்த இடம் யாருடையது?

எங்கள் பக்கத்து மண்டபத்தில் விபரம் எழுத அலுவலர்கள் வந்தார்கள். பெயர், அடையாள அட்டை, குடும்பத்தில் எத்தனை ஆட்கள், வீட்டு இலக்கம், காணியின் உரித்து. எனக்கு முன்னால் நின்ற அக்கா எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். கடைசி இரண்டு கட்டத்தில் என்ன எழுத என்று அலுவலர் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "பழைய லயம், மூணாவது காம்பரா" என்றார் அக்கா. அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். உரித்து என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டார்.